தானாக மூடிக்கொண்ட மடை

எங்கள் ஊர்ப் பரிதி 'தானே நடக்கும் சபை'யில் பல வருஷம் இருந்துவிட்டு ஒரு நாள் வெளியே வந்தான். வந்தவன் நேராக இப்ராஹிம் டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"டீயா, காப்பியா?" என்று கேட்டார் இப்ராஹிம்.

பரிதிக்கு வியர்த்துவிட்டது. சபையில் இப்படியெல்லாம் யாரும் கேட்டு மனிதரைச் சங்கடப்படுத்துவதில்லை. டம்ளர் வரும். அதில் இருப்பதைக் குடித்தல் நடக்கும்.

"எது நடக்குதோ அது" என்றான்.

"நடக்கறதுக்கு அது என்ன ஆடா? சீக்கிரம் சொல்லுப்பா, பால் பொங்குது."

கடைசியில் இரண்டையும் வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் இப்ராஹிம் காசு வாங்கிக்கொண்டார். அவர் எந்தச் சபையிலும் இல்லை.

சபையைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடி போகிற சாலையில், மூடிக் கிடந்த ரைஸ் மில் ஒன்றை வளைத்துப் போட்டு, சுற்றிலும் மதில் எழுப்பி, உள்ளே ஒரு குளமும் வெட்டியிருக்கிறார்கள். அங்கே இருக்கும் பெரிய மனிதருக்கு 'நடத்துகிறவர்' என்று பெயர். உலகத்தில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் நடக்கிறது, அதை நடத்துகிறவர் அவர் ஒருவர்தான் என்பது சபையின் கொள்கை. யாரிடமும் காணிக்கை கேட்கமாட்டார்கள். உண்டியலுக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். கொடுத்தல் நடக்கும்வரை எழுந்திருத்தல் நடக்காது.

பரிதி மோட்டார் காயில் கட்டுகிறவன். ஒரு குறுவையின்போது அவன் கட்டிக்கொடுத்த மோட்டார் எரிந்துபோய், மோட்டார்க்காரர் கடைவாசலில் நின்று ஊரைக் கூட்டிவிட்டார். அன்றைக்குத்தான் சபைக்காரர் ஒருவர் அவன் தோளில் கை போட்டு, "நீங்க எரிக்கல தம்பி. எரிதல் நடந்தது" என்றார். பரிதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஆறுதலை அவனுக்கு அதுவரை யாரும் இலவசமாகக் கொடுத்ததில்லை. மறுநாளே கடையைப் பூட்டினான். அதாவது, பூட்டுதல் நடந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, தெப்பம் வரும்வரை. தை மாதம் நடத்துகிறவருக்குப் பிறந்த நாள். குளத்தில் தெப்பம் விடவேண்டும், குளத்தில் தண்ணீர் இல்லை. மேட்டூர் அணையைச் சாத்துவதற்கு முன் கடைசி முறைத் தண்ணீர் அப்போதுதான் வாய்க்காலில் வந்துகொண்டிருந்தது. 'நீர்ச் சேவை' பரிதியிடம் வந்து சேர்ந்தது. அவன் தன் அக்கா அம்சத்தின் மாட்டுக்கொட்டகைக் கதவைக் கழற்றிக்கொண்டு போய் மடையில் குறுக்கே நிறுத்தி, வைக்கோலும் சேறும் வைத்து அடைத்தான். தண்ணீர் திரும்பிச் சபைக் குளத்துக்குப் போனது. கீழே வாய்க்கால் முடியும் கடைமடையில் அம்சத்தின் தாளடி நெல் தொண்டைக் கதிரில் நின்றது. கதிர் வெளியே தலைகாட்டுவதற்கு முந்தைய நேரம் அது. அப்போது தண்ணீர் தப்பினால் வருவது நெல் இல்லை, பதர்.

அம்சம் கரைமேல் ஓடிவந்தாள். "டேய், என்னடா பண்றே?" என்று கத்தினாள்.

முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு பரிதி அவளைப் பார்த்துச் சிரித்தான். "அடைப்பு நடக்குது, அக்கா" என்றான்.

தெப்பம் அமோகமாக நடந்தது. பாதிக் குளத்தில் தெப்பம் சாய்ந்து நடத்துகிறவர் தண்ணீரில் விழுந்தார். 'திருநீராட்டு நடந்தது' என்று அறிவித்துவிட்டு அவரை இழுத்துக் கரையேற்றினார்கள். கடைமடையில் பதரை மாடு மேய்ந்தது. அந்தப் பக்கமாக ஒரு நாள் போன பரிதி அதைப் பார்த்துவிட்டான். சபைக்கு வந்து சொன்னபோது, "காய்தல் நடந்தது" என்றார்கள். அந்த ஆறுதல் முதல் தடவையாக அவனுக்கு வேலை செய்யவில்லை. கரையில் நின்ற அக்காவும் தன்னுடைய சிரிப்பும் கண்ணை மூடினால் வந்து நின்றன. அதனால்தான் வெளியே வந்தான்.

டீக்கடையிலிருந்து நேராக அம்சம் வீட்டுக்குப் போனான். அவள் கதவில்லாத கொட்டகையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான்தான் அடைச்சேன்" என்றான்.

"எங்கிட்ட எதுக்குடா சொல்றே? எனக்குத்தான் தெரியுமே. நான் மனு கொடுக்காத ஆபீசு கிடையாது. அத்தனை பேரும் ஒரே மாதிரி பதில் போட்டிருக்கான், மேற்படி மடை யாராலும் அடைக்கப்படவில்லைன்னு. நான் என்ன பைத்தியக்காரியா? எதாவது ஒரு ஆபீசுல போயி, நான்தான் அடைச்சேன்னு சொல்லி, ஆமா இவன்தான்னு எழுத்துல வாங்கிட்டு வா. அதுவரைக்கும் என் வாசப்படிய மிதிக்காதே."

இவ்வளவுதானே என்று நினைத்தான் பரிதி. குற்றம் செய்யவில்லை என்று காட்டுவதுதான் கஷ்டம், செய்தேன் என்று சொல்ல என்ன கஷ்டம்? பாவம், சபைக்கு வெளியே உலகம் எப்படி நடக்கிறது என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

முதலில் சபைக்கே போனான். அலுவலகத்தில் நிர்வாகம் பார்க்கும் பகலவன் இருந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"நீங்க வெளியேறினதுல எங்களுக்கு வருத்தம் இல்ல பரிதி. வெளியேறலும் நடக்கறதுதான். ஆனா இப்ப நீங்க கேக்கறது திருட்டு."

"திருட்டுங்களா?"

"நடத்துகிறவர் நடத்தின ஒண்ண, நான் செஞ்சேன்னு நீங்க எடுத்துக்கிட்டுப் போறீங்க. ஒரு நாற்காலிய தூக்கிட்டுப் போயிருந்தாக்கூட மன்னிச்சிருப்போம். இந்தச் சபையில எதுக்கும் யாரும் பொறுப்பு கிடையாது. அந்த நெலமையக் காப்பாத்தற முழுப் பொறுப்பும் எங்கிட்ட இருக்கு. அதுக்காக ராப்பகலா நான் உழைக்கிறேன்." சற்று நிறுத்தி, "உழைப்பு நடக்குது" என்று திருத்திக்கொண்டார்.

திரும்பும்போது பரிதி தியான மண்டபத்தை எட்டிப்பார்த்தான். நடுவில் அக்காவின் மாட்டுக்கொட்டகைக் கதவு, சந்தனம் பூசி மாலை போட்டு நின்றுகொண்டிருந்தது. 'நீர் கொணர்ந்த கதவு' என்று மேலே எழுதியிருந்தது. 'தொடுதல் ஒருமுறை மட்டும் நடக்கட்டும்' என்று கீழே எழுதியிருந்தது. போர்வெல் போட்டுத் தண்ணீர் வராதவர்கள் வரிசையில் நின்றார்கள். மாடு உரசி உரசி வழவழப்பான இடத்தில்தான் எல்லோரும் நெற்றியை வைத்தார்கள்.

அடுத்தது காவல் நிலையம். ஏட்டு ரெத்தினம் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"புகார் யார் மேல?"

"என் மேலங்க."

"குடுக்கறது?"

"நான்தாங்க."

"ரெண்டு பேருக்கும் முன்விரோதம் ஏதும் உண்டா?"

பரிதி யோசித்தான். "கொஞ்ச நாளா உண்டுங்க" என்றான்.

ரெத்தினம் பேனாவை மூடினார். "இந்த மாதிரி குடும்பத்துக்குள்ள நடக்கறதுக்கெல்லாம் கேஸ் போட்டா ஸ்டேஷன் தாங்காதுப்பா. உக்காந்து பேசித் தீத்துக்கலாம்" என்று சொல்லி, எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடச் சொன்னார். சட்டப்படி புகார்தாரர் இந்தப் பக்கம், எதிர்த்தரப்பு அந்தப் பக்கம்.

பரிதி புகார்தாரர் நாற்காலியில் உட்கார்ந்தபோது ரெத்தினம், "சொல்லுங்க, பயப்படாதீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். பரிதி நடந்ததைச் சொல்லிவிட்டு எதிர் நாற்காலிக்குப் போனான். "என்னடா முறைக்கிறே? எந்திரிச்சு நின்னு பதில் சொல்லு. அக்கா வயித்துல அடிப்பியா?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பரிதி தாவிப் புகார்தாரர் நாற்காலியில் உட்கார்ந்தான். ரெத்தினம் ஓங்கிய கையை இறக்கி, "பாத்தீங்களா, உங்க கண்ணு முன்னாடிதான் கண்டிச்சிருக்கேன்" என்றார்.

மத்தியானத்துக்குள் சமாதானம் ஆகிவிட்டது. இனி ஒருவர் வழிக்கு ஒருவர் போவதில்லை, மடை விஷயமாக இரு தரப்பும் எங்கேயும் வாய் திறப்பதில்லை என்று எழுதி, பரிதியிடம் நீல மையில் ஒரு கையெழுத்தும் கறுப்பு மையில் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். கை குலுக்கிக்கொள்ளச் சொன்னார் ரெத்தினம். வேறு வழியில்லாமல் பரிதி குலுக்கிக்கொண்டான். "ஒத்துமையா இருங்கப்பா" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். நல்ல மனுஷர்தான். யார் அடைத்தது என்பதை மட்டும் அவர் எங்கேயும் எழுதவில்லை.

பாசன அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் எழில்மொழி உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"கடைமடை வரைக்கும் தண்ணி போயிடுச்சுன்னு அந்த வாரமே அறிக்கை அனுப்பியிருக்கோம். இதோ போட்டோ."

படத்தில் அவரே வாய்க்காலில் பூவும் நெல்லும் தூவிக்கொண்டிருந்தார்.

"மேடம், இது தலைமடைங்க."

"தண்ணி ஒண்ணுதானேங்க?"

"கீழ போகலைங்க. நான்தான் அடைச்சேன்."

எழில்மொழி குரலைத் தாழ்த்தினார். "நீங்க அடைச்சிருந்தா என் அறிக்கை பொய். அறிக்கை பொய்யின்னா எனக்கு மேல இருக்கறவரு அறிக்கை பொய். அவருக்கு மேல இருக்கறவரு அதை மேடையில படிச்சிட்டாரு, ஜனங்களும் கைதட்டிட்டாங்க. இப்ப போயி அத்தனை கைதட்டையும் எப்படிங்க திருப்பி வாங்கறது? அதனால தண்ணி போயிடுச்சு."

"அக்கா பயிரு காய்ஞ்சுதேங்க?"

"அதையும் நாங்க யோசிக்காம இல்ல. தண்ணி போயும் பயிர் வீணாயிருக்குன்னா, தண்ணி அதிகமா போயிருக்கணும். உங்க அக்காவை வெள்ள நிவாரணத்துக்கு எழுதிப்போடச் சொல்லுங்க. நானே சிபாரிசு பண்றேன்."

பரிதி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். அக்காவின் வறண்ட வயலை வெள்ளத்தில் மூழ்கடித்த பாவமும் தன் தலையில் ஏறிக்கொண்ட மாதிரி இருந்தது.

இப்படி அலைகிறவனைப் பார்த்து யாரோ இரக்கப்பட்டு, மன்னார்குடியில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இயங்கிவந்த 'சபை விலகியோர் மறுவாழ்வு மைய'த்துக்கு அனுப்பிவைத்தார்கள். அதை நடத்தியவர் மதிவதனி. வெளியூரில் மனநல ஆலோசனை படித்தவர். குரல் தேனாக இருக்கும்.

"மடையை அடைச்சது நீங்க இல்ல பரிதி. உங்க உள்ள இருக்கிற காயம்."

"கைதான் மேடம் அடைச்சுது."

"அந்தக் கை உங்களோடதுன்னு நீங்க நெனைக்கிறீங்க பாருங்க, அதுதான் நோயே."

மையத்தில் காலையில் எல்லோரும் வட்டமாக நின்று, "எங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை" என்று உரக்கச் சொல்வார்கள். அதனால் பலருக்குக் குணம் தெரிந்தது. சபைக்காகத் தன் மாமனார் நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்ட ஒருவர் இப்போது மனசு லேசாகி, மாமனாரைக் கடைத்தெருவில் பார்த்தால் சந்தோஷமாகக் கையசைக்கிறார். அந்தக் கிழவர்தான் இன்னும் குணமாகாமல் இருக்கிறார். பரிதிக்கும் குணமாகவில்லை. வட்டத்தில் நின்று, "மத்தவங்க மேல இல்லீங்க. என் மேல இருக்கு" என்றான். சபையில் ஏமாற்றினார்கள் என்பது உண்மை. ஆனால் கதவைக் கழற்றியபோது மாடு கத்தியது அவன் காதில் விழுந்தது. அதை யாரும் ஏமாற்றிக் கேட்க வைக்கவில்லை. மதிவதனி அவன் பெயருக்கு எதிரே 'மிஞ்சிய பொறுப்புணர்ச்சி' என்று குறித்துவைத்தார்.

மையத்தின் ஆண்டு விழா வந்தது. பிளெக்ஸ், பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. மையத்தின் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"சபைக்காரங்க உங்களை வெளிய விடாம அடைச்சு வெச்சாங்க. நாங்க அப்படியில்ல. இங்க வந்து சேந்த ஒருத்தர்கூட இதுவரைக்கும் எங்களை விட்டுப் போனதில்ல. போகணும்னு நெனைக்கிறவங்களுக்குத் தனியா சிகிச்சை வெச்சிருக்கோம். யார் பேச்சையும் கேக்காதீங்கன்னு தினமும் சொல்றோம். நாங்க சொல்றதாலதான் கேக்கறாங்க."

கைதட்டல் ஓய்ந்ததும் சான்றிதழ் வழங்கும் நிகழ்ச்சி. ஒவ்வொருவருக்கும் அவர்களால் கஷ்டப்பட்ட உறவினர் கையாலேயே கொடுக்கவேண்டும் என்பது மதிவதனியின் ஏற்பாடு. அம்சத்தை வேன் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். ஒரு சேலை, மத்தியானம் பிரியாணி என்று பேச்சு. யாருக்குச் சான்றிதழ் என்று அவளிடம் சொல்லவில்லை.

வழவழப்பான அட்டையை அவள் கையில் கொடுத்து, பரிதியைக் கூப்பிட்டார்கள். அம்சம் தம்பியைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'மேற்படி பரிதி என்பவர் தமது எந்தச் செயலுக்கும் பொறுப்பல்லர்.'

மைக் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"நான் கரையில நின்னு பாத்தேன். இவன்தான் அடைச்சான்" என்றாள்.

மதிவதனி ஓடிவந்தார். "அம்மா, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"மன்னிக்கணும்னா செஞ்சவன் ஒருத்தன் வேணுமில்ல தாயி? அவன் இல்ல, அவன் இல்லன்னு ஆளாளுக்குச் சொல்றீங்க. நான் யாரைப் போயி மன்னிக்கிறது? மடையையா?"

பின்னால் பிரியாணி அண்டாவைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அம்சம் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா அடைச்சே?"

பரிதி வாயைத் திறந்தான். இத்தனை ஆபீசிலும் யாரும் அவனை இந்தக் கேள்வி கேட்கவில்லை.

"தெப்பத்தன்னிக்கு முன் வரிசையில உக்கார வெப்போம்னு சொன்னாங்க, அக்கா."

"வெச்சாங்களா?"

"ரெண்டாவது வரிசைதான் குடுத்தாங்க. உன் பயிரு தொண்டைக் கதிர்ல நிக்கிதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடைச்சேன். நீ கத்துனப்ப சிரிச்சேன் பாரு, அதுவும் நான்தான்."

அம்சத்தின் கண் கலங்கியிருந்தது. அது கோபமா வேறு எதுவுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசி வரிசையில் நின்றுதான் நான் பார்த்தேன்.

"எனக்குக் காகிதம் வேணாம்" என்றாள். "என் கதவு எங்க?"

அட்டையைத் தம்பி கையில் திணித்துவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள். சேலைப் பையை எடுத்துக்கொண்டுதான் போனாள். பரிதியும் அவள் பின்னாலேயே மையத்தை விட்டு வெளியேறினான். தலைவரின் பேச்சில் ஒரு வரியை அடித்துவிட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை, கூட்டு தியானம் நடக்கும் நேரம் பார்த்து, வாசல் வழியாகவே சபைக்குள் நுழைந்தான் பரிதி. மண்டபத்துக்குப் போய் கதவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். மாலை கழுத்தில் விழுந்தது. பகலவன் பதறிப்போய் ஓடிவந்தார்.

"என்ன இது? என்ன நடக்குது இங்க?"

"ஒண்ணும் நடக்கலைங்க. நான் கதவை எடுத்துக்கிட்டுப் போறேன்."

"தடுங்க! யாராவது தடுங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார் பகலவன்.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் பணிவோடு எழுந்து, "நாங்களாங்கய்யா? தடுத்தல் தானா நடக்காதுங்களா?" என்று கேட்டார். இதற்குக் கொள்கைப்படி பதில் கிடையாது. பகலவனுக்கே கால் எழவில்லை. தானே போய்த் தடுத்தால் இத்தனை வருஷம் காப்பாற்றியதெல்லாம் போய்விடும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, தடுத்தல் நடப்பதற்காக உட்கார்ந்து காத்திருந்தார்கள். பரிதி பாரத்தோடு வெளிவாசலுக்கு வந்தான். அங்கே நின்ற ஒருவர் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். திறந்துவிட்டுத் தன் கையையே பயத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா வீட்டுக் கொட்டகையில் வெயில் ஏறும்வரை வேலை பார்த்தான் பரிதி. கீல் பிடிக்கவில்லை. சான்றிதழ் அட்டையை மடித்துக் கீலுக்கு அடியில் கொடுத்துப் பார்த்தான். அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அம்சம் ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து வாசப்படிக்கு உள்பக்கம் வைத்துவிட்டுப் போனாள். ஏதோ நினைப்பில் படியேறிப் போய் எடுத்துக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைக்கும்போதுதான் எங்கே நிற்கிறோம் என்று கவனித்தான். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பவும் கொட்டகைக்கு வந்தான்.

டி.வி.எஸ். வண்டியில் போன இப்ராஹிம் காலை ஊன்றி நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கதவைப் பார்த்தார்.

"யாருப்பா இத மாட்டுனது? இவ்வளவு கோணலா நிக்குது?"

பரிதி வாயில் வைத்திருந்த ஸ்குரூவைக் கையில் எடுத்தான். "நான்தாங்க" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

உள்ளேயிருந்து அம்சத்தின் குரல் வந்தது.

"ஒத்துக்கிட்டா ஆச்சா? கழட்டி நேரா மாட்டு."